ஜாடிப் பிள்ளை

நேவா ஆற்றங்கரையில், அந்தப் பழைய அருங்காட்சியகத்தின் வாசலில் டாக்சி நின்றபோது மணி மாலை நான்கு. வெயில் கடலூரின் காலை வெயில் மாதிரி பளிச்சென்று அடித்தது.

"ஜூன்ல இங்க ராத்திரியே இல்ல மச்சான். பதினோரு மணிக்கும் இப்பிடித்தான்" என்றான் அஷ்பாக்.

அஷ்பாக், ரசியாவின் தம்பி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் நாலாம் வருஷம். அக்காவையும் மச்சான் அபுல் ஹசனையும் வரவழைத்து, ஒரு வாரமாக அரண்மனை, தங்கக் கோபுரம், படகுச் சவாரி என்று சுற்றிக் காட்டினான். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. முதல் தடவை வருகிறவர்கள் இதையும் பார்த்தே ஆக வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்ததுதான் வினையாகிப் போனது. ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு இது வேண்டாம் என்று அபுல் ஹசன் சொல்லிப் பார்த்தான். ரசியா அதற்குள் படியேறியிருந்தாள்.

மாடிக்கூடத்தில் ஒரு நெடி அபுல் ஹசன் மூக்கில் ஏறியது.

சிப்காட்டில் ஒரு சாய ஆலையில் அவன் பதினோரு வருஷமாக சூப்பர்வைசர். கெமிக்கல் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே டிபன் பாக்சைத் திறக்கிறவன். அவனுக்கே குமட்டியது. ஸ்பிரிட்டில் நாள்கணக்காக ஊறிய கோழித்தோல் வாடை. சுற்றிலும் அடுக்கியிருந்த கண்ணாடி ஜாடிகளின் மூடிகளோ இறுகிக் கிடந்தன. வாடை வர வழியே இல்லை.

எந்தக் காலத்திலோ ஜார் மன்னர் சேர்த்துவைத்த விசித்திரங்களாம். ஜாடிக்கு ஒன்றாகச் சிசுக்கள்.

ஒன்றின் முன்னால் ரசியா நின்றுவிட்டாள். அவித்து உரித்த முட்டையின் நிறத்தில் ஒரு பெண் சிசு. கழுத்தில் யாரோ அழகாக லேஸ் கட்டிவிட்டிருந்தார்கள். லேசின் ஓட்டைகளில் வெள்ளைச் சவ்வு பிசுபிசுத்துத் தொங்கியது. வாயோரத்தில் பாலாடை போல ஏதோ ஒன்று, திரவத்தில் மெல்ல ஆடியது.

அபுல் ஹசன் எச்சிலை விழுங்கினான். அது கசந்தது.

"பேரு எழுதியிருக்காடா?" என்று கேட்டாள் ரசியா.

அஷ்பாக் குனிந்து சீட்டைப் படித்தான். "நம்பர்தான்க்கா இருக்கு."

அபுல் ஹசன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சிதம்பரத்து ஆஸ்பத்திரியில், அவர்களுடைய முதல் பெண் குழந்தை செத்தே பிறந்தது. அவர்கள் குடும்பத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்கும் பேர் வைத்துத்தான் அடக்குவார்கள். அவன் வைக்கவில்லை. கையில் வாங்கும்போதே அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். துணியில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவசரமாகக் கொண்டுபோய்ப் புதைத்தான். ரசியா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்ததும் இல்லை.

இப்போது அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள்.

"அர்ஃபா."

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கென்று எடுத்துவைத்திருந்த பேர் அது.

அவன் பதறி அவளை இழுத்தான். "என்ன காரியம் பண்ணின?"

"பேரில்லாமக் கெடக்குதுங்க. வேற பேரு வாயில வரல."

அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. மெல்லத் தெளிந்தது.

மறுபடி மங்கியது.

இந்தத் தடவை, உள்பக்கம்.

அந்த வாடை கூடவே விமானம் ஏறியது. கடலூர் வீட்டில் தலையணையில் இருந்தது, துவைத்த சேலையில் இருந்தது, தண்ணீர்ப் பானையில்கூட இருந்தது. ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியைப் பார்த்தான். உப்பு நீரில் வெளிறி மிதந்த நார்த்தங்காய்த் துண்டு கண்ணை மூடிக்கொண்டிருப்பது போலிருந்தது. எழுந்துபோய் வாந்தி எடுத்தான். ஜாடியைக் காலி செய்து, மூன்று தடவை கழுவி, மூடி, அடுக்களை அலமாரியில் வைத்தான்.

அக்டோபரில், அதே சிதம்பரத்தில், பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, ரோஜா நிறத்தில். எந்தப் பேர் வேண்டுமானாலும் வைக்கலாம், அந்தப் பேர் மட்டும் கூடாது என்று அபுல் ஹசன் முடிவு செய்துவிட்டான். அந்தப் பேருக்கு ஏற்கெனவே சொந்தக்காரி இருக்கிறாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

ஏழாம் நாள் பேர் சூட்ட வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டபோது, "சஃபியா" என்றான்.

எல்லாரும் போன பிறகு ரசியா அவனிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"முதப் புள்ளைக்கு நீங்க பேரே வைக்கல. இவளுக்கு நான் வெச்ச பேரையும் எடுத்துட்டீங்க."

 அன்றைக்கே வாடை நின்றுபோனது. நான்கு நாள் வயிறாரச் சாப்பிட்டான்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து, மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழைந்தான். ரசியா தொட்டிலில் குனிந்திருந்தாள். அவன் வந்ததைக் கவனிக்கவில்லை.

"அர்ஃபா... கண்ணத் தொறடி தங்கம்."

குழந்தை அசையவில்லை.

அடுக்களையில் ஏதோ திருகும் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தான். ஜாடியின் மூடி பக்கத்தில் கிடந்தது. கண்ணாடி உள்பக்கம் மங்கியிருந்தது. அந்த மங்கலில் ஐந்து விரல் தடம். ஒவ்வொன்றும் அரிசி அகலம்.

அலமாரியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து கூடத்துக்கு, ஈரம் சொட்டுச் சொட்டாகப் போயிருந்தது. நடுவில் இற்றுப்போன லேஸ் நூல் ஒன்று.

ஈரம் தொட்டிலுக்கு அடியில் முடிந்தது.

"ரசியா, புள்ளையத் தொடாத."

"ஏங்க?" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "முழிச்சிட்டா பாருங்க. பேரச் சொன்னதும் முழிச்சிட்டா."

அவன் குனிந்தான். குழந்தை அவனையே பார்த்தது. பிறகு வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

பால் வாசனை வரவில்லை.

ஸ்பிரிட். ஊறிய தோல்.

முதல் பிள்ளையைக் கையில் வாங்கிய அன்றைக்குப் போலவே முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான்.

விடவில்லை. பிசுபிசுத்த, ஜில்லிட்ட ஐந்து விரல்கள் அவன் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தன.