வண்டி பார்த்த ஆள்

குளத்தங்கரை வளைவில் வண்டி தானாகவே நின்றது.

பெமிலா பிரேக்கில் கால் வைக்கவில்லை. சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. பக்கத்து இருக்கையில் கிடந்த கைப்பை கீழே விழுந்து சீப்பும் சில்லறையும் சிதறின. ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலிருந்த திரை எப்போதும் வண்டியைச் சுற்றியுள்ளதை வரைந்துகொண்டே வரும். லாரி வந்தால் லாரி, பைக் வந்தால் பைக். இப்போது வண்டியின் மூக்குக்கு நேராக, சாம்பல் நிறத்தில், முகமில்லாத ஒரு மனித உருவத்தை வரைந்து வைத்திருந்தது.

அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தாள். சாலையில் யாருமில்லை.

மணி ஆறரைகூட ஆகியிருக்காது. ஆனால் ஆனி மாதத்துச் சாரல் வெளிச்சத்தை முன்கூட்டியே விழுங்கியிருந்தது. நனைந்த தார்ச்சாலை, அதற்கப்பால் தாமரை இலைகள் மேல் மழை விழும் சத்தம், கரைச்சேற்றின் வாடை, எங்கிருந்தோ ஒரு தவளையின் ஓயாத முறையீடு. மின்சார வண்டி என்பதால் இஞ்சின் இரைச்சல் கிடையாது. வெளியே உள்ள எல்லாச் சத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தன் மூச்சையே அவள் கேட்டாள். ஹாரன் அடித்தாள். திரையிலிருந்த உருவம் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது ஒரு காலை எடுத்து வைத்தது. அவள் போகவேண்டிய திசையிலேயே நடந்து, மெல்ல மங்கி, இல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்ததும் மஸ்கட்டிலிருந்த கணவனைக் கூப்பிட்டாள். ஷாஜன் சிரித்தான்.

"ஏட்டி, அதுக்கு புத்தி கொஞ்சம் கூடுதல். மழைத்தண்ணியப் பாத்து ஆளுன்னு நெனச்சிருக்கும். பேடிக்காத."

போன விடுமுறையில் அவன் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த வண்டி அது. கோடு தாண்டினால் ஸ்டீரிங்கை மெல்லத் திருப்பும். முன்னால் போகும் பஸ்ஸுக்கு இடைவெளி விட்டுத் தானே ஓடும். ஓட்டுபவர் கண் சொக்கினால் மணியடிக்கும். ஷாஜனின் கைப்பேசியில் வண்டி எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். தக்கலையில் கண் மருத்துவமனையில் வேலை முடிந்து அவள் வண்டியை எடுத்த உடனே, "கெளம்பியாச்சா?" என்று செய்தி வந்துவிடும். கடலுக்கு அப்பால் இருப்பவன் பக்கத்து இருக்கையில் இருப்பதுபோல அவளுக்கு அது பிடித்திருந்தது. இரவில் போர்ட்டிகோவில் சார்ஜ் போட்டுவிட்டால், பின்பக்கம் ஒரு பச்சை விளக்கு மூச்சு விடுவதுபோல எரிந்து அணையும். ஆறு வயது சுஜி அதற்கு "குட் நைட்" சொல்லாமல் படுக்க மாட்டாள்.

மறுநாள் மாலை குளத்தங்கரையில் வண்டி நிற்கவில்லை. பெமிலா மூச்சை விட்டாள். அதைத் தாண்டி, பாசனச் சானல் பாலத்தின் மேல் நின்றது.

அதே உருவம். இப்போது அது நின்றுகொண்டிருக்கவில்லை. நடந்துகொண்டிருந்தது. வண்டி பின்னாலேயே ஊர்ந்தது, முன்னால் போகும் ஆளுக்கு வழிவிட்டு மரியாதையாகப் போவதுபோல. பாலம் முடிந்ததும் உருவம் மங்கியது.

அந்தச் சனிக்கிழமை வண்டியை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனாள். சர்வீஸ் சென்டரில் ஜெரிஷ் என்றொரு மெக்கானிக், கேமராவைத் துடைத்து, கம்ப்யூட்டரை மாட்டி, வடசேரி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல மேடம். எல்லாம் சரியா இருக்கு."

"பின்ன எதுக்கு நிக்கிது?"

"முன்னால ஏதாவது இருந்தாத்தான் நிக்கும்."

சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காதவன்போல அவன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனான்.

அதன்பிறகு சபைக் கோயில் திருப்பம். அதன்பிறகு ரப்பர் தோட்டத்து வேலி, ரப்பர்பால் ஷீட் உலர்த்தும் புகையின் புளித்த வாடை அடிக்கும் இடம். ஒவ்வொரு மாலையும் வண்டி நிற்கும் இடம் முந்தின நாளைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்தது. பகலெல்லாம் இருட்டறையில் உட்கார்ந்து, "இப்போ தெளிவா தெரியுதா, இல்ல இப்பவா?" என்று வருகிறவர்களிடம் கேட்டுக் கண்ணாடி மாற்றிப் போடுவது அவள் வேலை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த லென்ஸ் நழுவி மேசையில் உருண்டது.

அது அவளை மறிக்கவில்லை. அவளுக்கு முன்னால், அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று அவள் வழியை மாற்றினாள். பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு, பள்ளம் மேடெல்லாம் ஏறி இறங்கி வந்தாள். சுவரின் பாசிமேல் முகப்பு விளக்கு வழிந்து ஓடியது. திரை வெறுமையாக இருந்தது. ஒரு நாய், ஒரு ஆட்டோ, குடையோடு ஒரு பெண். அந்தப் பெண் நிஜமாகவே குடையோடு நடந்துபோனாள். பெமிலாவுக்கு அழவேண்டும்போல ஆறுதலாக இருந்தது. வீட்டுச் சந்துக்குள் திரும்பினாள்.

வண்டி நின்றது. உருவம் வீட்டு கேட்டில் இருந்தது.

அதற்கு அடுத்த மாலை அது கேட்டுக்கு உள்ளே இருந்தது. போர்ட்டிகோவுக்கும் வாசற்படிக்கும் நடுவில். வீட்டுக் கதவு திறந்திருந்தது, ஹாலில் டியூப் லைட் எரிந்தது, வண்டியின் வெளிச்சத்தைக் கண்ட சுஜி, "அம்மா வந்தாச்சு!" என்று படியில் குதித்து இறங்க வந்தாள்.

"வராதே! அங்கயே நில்லு!"

பெமிலா கத்திய கத்தலில் பிள்ளை படியிலேயே உறைந்து நின்று உதட்டைப் பிதுக்கியது. திரையில் உருவம் திரும்பியது. முகமில்லாத அதற்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று கிடையாது. ஆனால் திரும்பியது அவளுக்குத் தெரிந்தது. படியேறியது. சுஜியின் பக்கத்தில் போனது. திரை எட்டும் எல்லை அங்கே முடிந்தது.

அவள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். கட்டிலுக்குக் கீழே, பீரோவுக்குப் பின்னால், குளியலறையில், மொட்டைமாடிப் படியில் தேடினாள். ஒன்றுமில்லை. ஹாலில் மட்டும் குளத்துச் சேற்றின் வாடை, ஈரத்துணியை மூடி வைத்ததுபோல, லேசாக.

"மைனி, என்ன தேடுதியே?" பிரிஜா காதிலிருந்த ஹெட்போனை இறக்கிக் கேட்டாள். அவள் ஷாஜனின் தங்கை; வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். பள்ளிவிட்டு வரும் சுஜியைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

"ஒண்ணும் இல்ல மக்கா. பூனை ஒண்ணு உள்ள வந்த மாதிரி இருந்து."

அன்று ஷாஜன் சிரிக்கவில்லை. கோபப்பட்டான்.

"அந்த எளவை ஆஃப் பண்ணிப் போடு. பழைய வண்டி மாதிரி நீயே ஓட்டு. நான் இஞ்ச இருந்து என்ன செய்ய முடியும், சொல்லு?"

அவன் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாக அணைத்தாள். தானாக நிற்பது, கோடு காப்பது, சுற்றிலும் பார்ப்பது. திரையில் வரைபடம் மறைந்து மணியும் குளிர்ச்சி அளவும் மட்டும் மிஞ்சின. அடுத்த சில நாட்கள் வண்டி எங்கும் நிற்கவில்லை. மழையும் கொஞ்சம் ஓய்ந்தது. பெமிலா ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டு வந்து மீன்குழம்பு வைத்தாள், நன்றாகச் சாப்பிட்டாள், மத்தியானம் தூங்கக்கூடச் செய்தாள். ஆனால் விழிக்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான் முதலில் வந்தது. விளக்கை அணைத்துவிட்டால் திருடன் போய்விட்டான் என்று ஆகுமா? வண்டி பார்ப்பதை நிறுத்திவிட்டது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மாலை அவள் வீட்டுக்குள் நுழையும்போது மறுபடியும் மழை வலுத்திருந்தது. பிரிஜா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒரு காரியம் சொல்லட்டா? மீட்டிங்ல எனக்குப் பின்னால உள்ள சாதனம் ஒண்ணும் தெரியாம மங்கலாக்கி வச்சிருப்பேன். ஆளு மட்டுந்தான் தெளிவா தெரியும்."

"சரி."

"இன்னைக்கு எல்லாரும் கேக்காவ, ஒனக்குப் பின்னால நிக்கது யாருன்னு." அவள் குரல் இறங்கியது. "சுஜி அப்போ ஸ்கூல்ல இருந்து வரவே இல்ல மைனி. நான் தனியாத்தான் இருந்தேன்."

பெமிலா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். முடிவு தானாக வந்தது. குழித்துறையில் அவள் அப்பா வீடு இருக்கிறது. இன்றைக்கே. இப்போதே.

"நாலு உடுப்பு எடுத்து வை. பிள்ளைக்கு சட்டையை மாத்து. நான் வண்டியை வெளிய எடுத்து நிறுத்துதேன். கதவைப் பூட்டிட்டு வந்துருங்க."

"எதுக்கு மைனி?"

"போற வழில சொல்லுதேன். சுஜி கையை விடாத, கேட்டியா?"

மழை முற்றத்தில் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. போர்ட்டிகோவிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்து, முற்றத்தின் நடுவில், முகப்பு விளக்கு வீட்டு வாசலில் விழும்படி நிறுத்தினாள். போகும் வழியெல்லாம் இருட்டு. குருடாக ஓட்ட அவளால் முடியாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அணைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள்.

திரை உயிர்பெற்றது. நடுவில் சின்னதாக அவள் வண்டி. முன்னால் வாசற்படி. வாசலில் இரண்டு உருவங்கள். ஒன்று உயரம். ஒன்று குட்டை. பக்கத்தில் பக்கத்தில்.

இவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிட்டார்களே என்று நினைத்தாள். நிம்மதியாக நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலில் யாருமில்லை. திறந்த கதவு. டியூப் லைட். மழை.

இரண்டு உருவங்களும் படியிறங்கின. வண்டியை நோக்கி வந்தன. குட்டை உருவம் எட்டிப்போட்டு நடந்தது, பெரியவர்களின் நடைக்கு ஈடுகொடுக்கும் பிள்ளைகள் நடப்பதுபோல. வண்டியின் வலப்பக்கம் ஒதுங்கின. அவள் கதவை ஒட்டி வந்தன. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் வழிந்தது. வேறொன்றும் இல்லை.

கடந்து பின்னால் போயின. கேட்டை நோக்கி.

"அம்மா!"

முகப்பு வெளிச்சத்தில் சுஜி நின்றாள். மஞ்சள் சட்டை. நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் பிரிஜா, தோளில் பையும் ஒரு கையில் குடையுமாகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"மைனி, கையை உதறிட்டு ஓடியாச்சு பாருங்க. குடைக்குள்ள நிக்க மாட்டேங்கா!"

பெமிலா திரையைப் பார்த்தாள். வாசலில் ஒரு உருவம். உயரமானது. பிரிஜா படியிறங்கினாள், உருவம் படியிறங்கியது. பிரிஜா குனிந்து செருப்பைச் சரிசெய்தாள், உருவம் நின்றது. வண்டி சரியாகத்தான் பார்த்தது.

சுஜி இருந்த இடத்தில் திரை காலியாக இருந்தது.

சுஜி வண்டியின் மூக்கை இரண்டு கையாலும் தொட்டுக்கொண்டு சிரித்தாள். கிட்டத்தில் ஆள் வந்தால் அடிக்கும் மணி அடிக்கவில்லை.

பின்னால், திரையின் ஓரத்தில், இரண்டு உருவங்களும் கேட்டை அடைந்திருந்தன.

இறங்கி ஓடவேண்டும். கேட்டுக்கு ஓடவேண்டும். அவள் கதவைத் திறந்தாள். திறந்த கதவு வழியே சுஜி ஏறி அவள் மடியில் உட்கார்ந்துகொண்டாள். கைகளை அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். முகத்தை அவள் தோளில் புதைத்தாள். சுஜியின் முகம்தான். சுஜியின் மூக்குதான். காதோரத்து மச்சம்கூட அப்படியே. மடியில் பாரமே இல்லை.

"மக்கா, விடு. அம்மா இப்போ வந்துருவேன். விடு மக்கா."

கைகள் விடவில்லை. இறுகின. சேற்றின் வாடை.

"மைனி, பின்கதவு லாக்கா இருக்கு. தொறங்க," என்று பிரிஜா வெளியே கண்ணாடியைத் தட்டினாள்.

பெமிலாவால் தலையைத் திருப்ப முடியவில்லை. திரை மட்டும் கண்ணுக்கு நேராக இருந்தது. கேட்டைத் தாண்டியதும் குட்டை உருவம் ஒருதரம் நின்றது. உயரமான உருவம் அதற்காகக் காத்து நின்றது. குட்டை உருவம் வண்டி நிற்கும் பக்கமாக இரண்டு எட்டு ஓடி வந்தது.

உயரமானது அதன் அருகே வந்தது. பிறகு இரண்டும் சந்தில் நடந்தன. சாம்பல் நிறம் வெளிறியது. முதலில் குட்டை உருவம் மறைந்தது.

அவள் தன் மடியில் மிஞ்சியிருந்ததை, இரண்டு கைகளாலும், இறுகக் கட்டிக்கொண்டாள்.