வேர் கரைந்த பற்கள்

அந்தப் பல் ஈரமாக இருந்தது. லட்சக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன பல்லுக்கு ஏது ஈரம் என்று ஆய்வாளர் அதைப் பஞ்சால் ஒற்றினாள். ஏசி ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். விடுமுறை நாளின் மத்தியானம். காலையில் கிடங்குக்காரர் கதவைத் திறந்துவிட்டு, இந்தப் பல்லையும் தட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அவளும், படம் எடுக்க வந்த தங்கையும் மட்டும். அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அந்தத் தங்கைதான்.

தட்டில் இதேபோல் இன்னும் பத்து. கத்தரிக்கோல் மாதிரி இறைச்சியை வெட்டும் பற்கள். நரி, கழுதைப்புலி, பெரும்பூனை என்று எல்லாவற்றின் பல்லோடும் வைத்துப் பார்த்தாயிற்று, எதோடும் ஒத்துப்போகவில்லை. அழிந்துபோன ஏதோ சின்ன விலங்கு, புது இனம் என்று முடிவுகட்டி, நாளைக்குக் கட்டுரையை அனுப்பவிருந்தாள்.

லென்ஸை வைத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மற்ற பற்களிலும் வேர் உடைந்துபோனது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். உடையவில்லை. கரைந்திருந்தது.

“போச்சுடி. இது சின்ன மிருகமே இல்ல. பெரிய மிருகத்தோட குட்டி. எல்லாம் பால் பல்லு, அதான் வேர் கரைஞ்சு விழுந்திருக்கு.”

“நல்லவேளை, கட்டுரை போகல. பல்லம்மா மானம் தப்பிச்சுது!” தங்கை சிரித்தாள். “இரு, பொருத்திப் பாக்கப் பெரிய தாடை ஏதாவது பின்கிடங்குல இருக்கான்னு பாக்கறேன்.”

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ஆய்வாளர் பற்களோடு வந்த குறிப்புச் சீட்டுகளைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் கிடங்குக்காரரின் கோழிக்கிறுக்கல்: ‘பின்கிடங்குத் தரையில் கிடந்தது.’ கிழிந்த பெட்டியிலிருந்து விழுந்திருக்கும் என்று மனிதர் பெருக்கும்போதெல்லாம் பொறுக்கி வைத்திருக்கிறார். பழுப்பேறிக் கிடந்ததால் அவளும் கல் என்றே நம்பிவிட்டாள். தேதிகளைப் பார்த்தாள். மாதத்துக்கு ஒன்று. கடைசிச் சீட்டில் இன்றைய தேதி.

பால் பல் வேர் கரைந்து விழ வேண்டுமென்றால், அந்தக் குட்டி உயிரோடு இருக்க வேண்டும். வளர வேண்டும்.

பஞ்சைப் பார்த்தாள். சிவப்பு.

“ஏய், வெளிய வா!” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அக்கா, இங்க லைட்டு எரியல. ஆனா தாடை கெடைச்சிருச்சு. அம்மாடி, எவ்ளோ பெருசு! தடவிப் பாத்தே எண்ணிடறேன்.”

“தொடாதடி! வந்துடு!”

“ஏழு... எட்டு... ஏன்க்கா இது சூடா இருக்கு?”

ஓடினாள். கதவு. இருட்டு. அழுகிய இறைச்சி வாடை. கைபேசி விளக்கை உயர்த்தினாள்.

தங்கையின் கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. மேலும் கீழும் புதிதாய் முளைத்த வெள்ளைப் பற்கள். நடுவில் ஒரு தடித்த நாக்கு, அவசரமே இல்லாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.