கும்பிடுபூச்சியின் தாகம்

அசோக் சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்து முடித்தான். பிறகு சொம்புக்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்த ஈரத்தை வழித்து நக்கினான். எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி கிருஷ்ணப்பிரியாவுக்குக் குமட்டியது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. உடனே அதைக் கதையில் சேர்த்தாள்.

அவள் எழுதும் முறை அப்படி. பாதியை இயற்கையிலிருந்து எடுப்பாள், மீதியைக் கற்பனையில் பிடிப்பாள். இந்தத் திகில் தொடருக்கு வேண்டிய இயற்கை, ஐயப்பன்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு கும்பிடுபூச்சியாகக் கிடைத்தது. ஜாடியில் போட்டு வைத்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சின்ன மூடியையே அது பகலெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அதற்குள் இறங்கியது. அதன் பின்புறத்திலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒரு புழு, ஊறிய தலைமுடியின் பளபளப்போடு, பூச்சியைவிடப் பல மடங்கு நீளத்துக்குச் சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது.

தேடித் தேடிப் படித்தாள். அந்தப் புழு பூச்சிக்குள் வளரும்போது உயிர்நாடியான உறுப்பைத் தொடாது, கொழுப்பைத்தான் தின்னும். ஏனென்றால் வண்டி ஓட வேண்டுமே. முட்டையிடத் தண்ணீர் வேண்டும், புழுவுக்கோ கால் கிடையாது. அதனால் பூச்சியின் மூளையைக் குழப்பித் தண்ணீரைத் தேடி நடக்க வைக்கும். பூச்சிக்கு அது தன் சொந்த ஆசையாகவே தோன்றும்.

கற்பனையில் பூச்சிக்குப் பதிலாக ஒரு மனிதனை வைத்தாள். அவனுக்கு அசோக்கின் சாயல். நாளுக்கு நாள் இளைக்கும் தோள், வெறும் சோற்றை வாரி விழுங்கும் பசி, குளியலறை வாளியில் முகத்தை அமிழ்த்தி நிற்கும் நிற்பு, வாயில் குட்டை நாற்றம்.

"எங்கேருந்துதான் புடிக்கிறியோ இதெல்லாம்!" படித்துக் காட்டியதும் அசோக் சிரித்தான். பல்லிடுக்கில் கறுப்பாக ஏதோ நெளிந்து உள்ளே போனது.

"என்னது அது?"

"கீரை."

"ச்சீ, போய் வாய் கொப்பளி."

"ஏரிப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வரேனே?"

"இந்த மழையிலயா? பேசாம உட்காரு."

அவன் எழுந்து போனான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதை மனிதனுக்குள் புழு எப்படிப் போனது என்று எழுத வேண்டியிருந்தது. போன மழையில் சாலையில் ஏரி வழிந்தது, பைக் சரிந்தது, அவன் ஒரு வாய் தண்ணீரை விழுங்கினான்.

விரல்கள் நின்றன.

அது கற்பனை இல்லை. அசோக் விழுந்து எழுந்து வந்து சொன்னது. வாளி? அதுவும் அவள் பார்த்தது. சோறு, தோள், நாற்றம், எல்லாமே இந்த வீட்டில் பார்த்தவை. பார்த்துப் பார்த்துக் கதையில் எழுதினாள். ஒருமுறைகூட டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை.

அழைப்பு மணி அடித்தது. வாட்ச்மேன் வரதன்.

"யம்மா, அண்ணாத்தே சம்பு மூடியத் தொறந்துகினு குந்தினுகீறாரு. இன்னா சார்னு கேட்டா திரும்பக்கூட மாட்டேன்றாரு. ஊட்ல எதுனா சண்டையா?"

ஓடினாள். படிக்கட்டெல்லாம் அழுகிய மீன் தொட்டியின் வாடை.

குடியிருப்பு முழுவதுக்குமான தரையடித் தண்ணீர்த் தொட்டி அந்தச் சம்பு. அதன் விளிம்பில் மண்டியிட்டிருந்தான். தலை உள்ளே தொங்கியது.

"அசோக்..."

தோளைத் தொட்டாள். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி லேசாக இருந்தது. தோல் மட்டும். சொதசொதவென்று.

கீழே தண்ணீர் கலங்கும் சத்தம்.

குனிந்தாள்.

தாடை கழன்று தொங்கியது. வாயிலிருந்து கயிறு. கறுப்பு. வழவழப்பு. இறங்கியது. இன்னும் இறங்கியது.

வால் விழுந்தது.

அசோக் திரும்பினான். கன்னம் ஒட்டி, வயிறு முதுகைத் தொட்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"முழுசா பாத்தியா?" காற்றாக வந்தது குரல். "எழுதிக்கோ."

மாடியில் யாரோ குளிக்கிறார்கள் போல. மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் சம்பிலிருந்து தானாக ஏற்றும் மோட்டார், ஓடத் தொடங்கியது.