விளக்கேற்ற மறுத்தவன் பற்றி ஒரு கலந்துரையாடல்

வழக்கம்போல அந்த வியாழக்கிழமையும் புத்தகக் கலந்துரையாடல் நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஆறு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாவலின் நாயகி வீட்டைவிட்டு வெளியேறியது சரிதானா என்று நூலகர் அமலோற்பவம் கேட்டார். சரிதான் என்றார்கள் ஆறு பேரும். காரணம் கேட்டார். ஆறு பேரும் ஒரே காரணத்தை, ஏறக்குறைய ஒரே சொற்களில் சொன்னார்கள். பிறகு சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். நான்கு நிமிடத்தில் இரண்டு நிமிடம் காப்பிக்கே போயிருந்தது.

மாணவர்கள்மேல் தவறில்லை. நூலேற்றம் வேலை செய்யும் விதம் அப்படி. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் மிளகளவு வில்லை ஒன்று இருக்கிறது. நூலேற்ற வாரியத்தின் பட்டியலில் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து வில்லையை அழுத்தினால் பதினோரு விநாடியில் முழுப் புத்தகமும் நினைவில் ஏறிவிடும். தொடக்க காலத்தில் வெறும் சொற்களை மட்டும்தான் ஏற்றினார்கள். முந்நூறு பக்கச் சொற்கள் ஒரே மூச்சில் வந்து விழுந்ததும் பலருக்குத் தலை சுற்றியது. சிலர் வாந்தி எடுத்தார்கள். அதன்பின் சொற்களின்மேல் ‘பொருளுறை’ ஒன்றைப் போர்த்தி அனுப்பத் தொடங்கினார்கள். கதையில் யார் நல்லவர், எது உருக்கமான இடம், முடிவு என்ன சொல்கிறது என்பதெல்லாம் அந்த உறையில் இருக்கும். யாராவது புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் மனம் உறையைத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லிவிடும். அடியில் கிடக்கும் சொற்கள்வரை அது இறங்குவதில்லை. இறங்க வேண்டிய தேவையும் இல்லை.

பொருளுறையை இயந்திரங்கள் தாமாக எழுதக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஒரு புத்தகத்தைப் பற்றி மனிதர்கள் எழுதியதையும் பேசியதையும் திரட்டி, சராசரி எடுத்துத்தான் அதைத் தயாரிக்க வேண்டும். அந்தச் சராசரியை ஆறு தலைகளில் ஏற்றிவிட்டு, வாருங்கள் விவாதிப்போம் என்றால் எதை விவாதிப்பது?

கல்லூரி தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்கடியில் முப்பது மீட்டர் ஆழத்தில் இருந்தது. அங்கே காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, உலர்ச்சி மட்டும் கிடையாது. சுவரில் வியர்க்கும், தலையணையில் பூஞ்சை பிடிக்கும். காகிதப் புத்தகங்கள் நாலாயிரம் இருந்த வாசிப்பறை மட்டும் ஈர உறிஞ்சி ஒன்றின் தயவில் காய்ந்து கிடந்தது. அந்த உறிஞ்சியைப் பாசி ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் முதல்வர் வெள்ளத்துரை. அவர் கெட்டவர் அல்ல. ஆய்வகத்தில் இருநூறு பேர் படித்தார்கள். வாசிப்பறைக்கு வந்தவர்கள் இந்த ஆறு பேர்தான், அதுவும் நான்கு நிமிடத்துக்கு.

உறிஞ்சி போனால் ஒரே பருவத்தில் நாலாயிரமும் கூழாகிவிடும் என்று அமலோற்பவம் சொன்னார். முதல்வர் கூரையைக் காட்டினார். கல்லூரியின் எல்லா அறைகளிலும் இருப்பதுபோல அங்கேயும் ஒரு பேச்சுமானி தொங்கியது. கூட்டத்தின் பேச்சைப் பதிவு செய்து, எத்தனை மாறுபட்ட கருத்துகள் எழுந்தன என்று எண்ணும் கருவி அது. பத்துக்குக் கீழே போனால் அந்தக் கூட்டம் வீண் என்பது கல்லூரி விதி.

“உங்க கூட்டத்துக்கு என்ன காட்டுது பாத்தீங்களா மேடம்? ஒண்ணு. அதுவும் காப்பியில சீனி கம்மின்னு ஒரு பையன் சொன்னது.”

“ஒரு மாசம் குடுங்க சார். அப்புறமும் பத்து வரலைன்னா நானே கழட்டித் தாரேன். அதுவரைக்கும் அதுமேல யாரும் கை வைக்கக் கூடாது.”

பொருளுறை இல்லாத புத்தகம் ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. யாரும் மதிப்புரை எழுதாத, யாரும் ஆய்வு செய்யாத, வாரியத்தின் பட்டியலிலேயே இல்லாத புத்தகம். மூன்று நாள் தேடியபின் அடித்தட்டில் பழுப்புத்தாள் சுற்றிய ஒரு கட்டு அகப்பட்டது. ‘உப்புத்தீவு விளக்கு’ என்ற நாவல், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சானது, ஏழு பிரதிகள். அதைப் பற்றி உலகத்தில் எவரும் ஒரு வரிகூடச் சொல்லியிருக்கவில்லை. அமலோற்பவம் கட்டைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் கண்ணால் படித்துவிட்டு வரவேண்டும் என்றார்.

“கண்ணாலயா மேடம்?” என்றான் இசக்கிராஜ். குழுவில் அவன்தான் வாயாடி. “முழுசாவா?”

“முழுசா. வரி வரியா.”

“கண் வலிச்சா?”

“மூடித் தூங்கு. எந்திரிச்சு விட்ட இடத்துலேருந்து படி.”

அந்த மூன்று வாரத்தில் அமலோற்பவம் சும்மா இருக்கவில்லை. கல்லூரிக் குழுவுக்கு இரண்டு மனு எழுதினார். பழைய மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினார். உறிஞ்சியை அளவெடுக்க வந்த ஆய்வக ஊழியர்களை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து திருப்பி அனுப்பினார். இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் நடக்கவில்லை: அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் வியாழக்கிழமை வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடந்து போகும்போது பின்னட்டையை மட்டும் படித்தார். ‘தனித்தீவில் கலங்கரை விளக்கக் காவலன் சவரியப்பன். ஒரு நாள் அவன் விளக்கேற்ற மறுக்கிறான். அந்த மறுப்பு எத்தனை உயிர்களைப் புரட்டிப்போடுகிறது! நெஞ்சை உலுக்கும் நாவல்.’

கண்ணால் படி என்று ஊரெல்லாம் சண்டை போட்டவளே படிக்கவில்லை என்று தெரிந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கேள்வி மட்டும் கேட்பது, கருத்தே சொல்லாமல் இருப்பது என்று முடிவுசெய்துகொண்டு உள்ளே போனார்.

சவரியப்பன் செய்தது சரியா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதன்பின் அவர் வாயைத் திறக்கவே இடமில்லாமல் போயிற்று.

அவன் ஒரு வீரன் என்றான் இசக்கிராஜ். அதிகாரத்தைப் பார்த்து முடியாது என்று சொன்ன ஒரே மனிதன். தீப்பெட்டியைக் கடலில் எறிகிற இடத்தில் தனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றான். எதிரே உட்கார்ந்திருந்த ஃபர்ஹானாவுக்கு அது பொறுக்கவில்லை. விளக்கு எரியாததால் முட்டி நொறுங்கிய படகுகளை அவள் ஒன்றொன்றாகச் சொல்லி அடுக்கினாள்.

“ஏல, விளக்கேத்துததுதானே அவன் வேலை? அதைச் செய்யாதவன் வீரனா? அப்ப பரீட்சை எழுதாம வந்த நீயும் வீரன்தான்.”

இன்னொருத்தி அவன் கோழை என்றாள். ஒருவன் அது காதல் தோல்வி என்றான். அவன் மறுத்தது விளக்கை அல்ல, தன் அப்பனை என்றான் வேறொருவன். நாற்காலிகள் நகர்ந்தன. காப்பி ஆறிப் போனது. சத்தம் கேட்டு வந்த முதல்வர் வெள்ளத்துரை மேசையில் கிடந்த பிரதி ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அரை நிமிடத்தில் அவரும் விவாதத்தில் இறங்கிவிட்டார். மறுப்பதென்றால் முறைப்படி எழுத்தில் மறுத்திருக்க வேண்டும், சவரியப்பனின் பிழை அங்கேதான் என்பது அவர் கட்சி. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேச்சுமானி நாற்பத்தொன்று காட்டியது. கல்லூரியில் எந்தக் கூட்டமும் அதுவரை இருபதைத் தாண்டியதில்லை.

“உறிஞ்சி இங்கேயே இருக்கட்டும் மேடம்,” என்றார் முதல்வர், நெற்றியைத் துடைத்தபடி.

“கண்ணால படிச்சா இப்படித்தான் சார் இருக்கும்,” என்றார் அமலோற்பவம்.

எல்லோரும் போனபின் அவர் பிரதிகளைச் சேகரித்தார். இத்தனை பேர் இவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறார்களே என்ற வெட்கத்தில், அந்தத் தீப்பெட்டி வரும் இடத்தையாவது பார்த்துவிடலாம் என்று தன் பிரதியைத் திறந்தார். பக்கங்கள் பிரியவில்லை. பழைய அச்சகங்களில் ஒரு பெரிய தாளின் இரு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கங்களை அச்சடித்து, மூன்று முறை மடித்து, தைத்து, கடைசியில் ஓரத்தை வெட்டுவார்கள். வெட்டினால்தான் மடிப்பு பிரிந்து பக்கங்கள் திறக்கும். இந்தப் பிரதிக்கு ஓரம் வெட்டவே இல்லை. சரி, தன்னுடையது மட்டும் பழுது போலும் என்று இசக்கிராஜின் பிரதியை எடுத்தார். அதுவும் அப்படியே. ஃபர்ஹானாவுடையதும் அப்படியே. ஏழையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட ஒரு மடிப்பும் பிரிக்கப்படவில்லை.

அமலோற்பவம் பாசி ஆய்வகத்துக்குப் போய் ஒரு சிறுகத்தி கடன் வாங்கி வந்தார். நாளுக்கு நாற்பது பக்கமாக வெட்டி வெட்டிப் படித்தார். முதல் நாள் கண் எரிந்தது. மூன்றாம் நாள் சாப்பிட மறந்தார்.

சவரியப்பன் மறுக்கவே இல்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. எண்ணெய்ப் படகு வரவில்லை. மிச்சமுள்ள இருநூற்றெண்பது பக்கமும் அவன் விளக்கை எரியவைப்பதைப் பற்றித்தான். கதவைப் பெயர்த்து எரிக்கிறான். கட்டிலை எரிக்கிறான். கரைக்குத் திரும்ப அவனுக்கிருந்த ஒரே படகைக் கடைசியில் உடைத்து, பலகை பலகையாக எரிக்கிறான். தீப்பெட்டியைக் கடலில் எறியவில்லை. கடைசிக் குச்சி நனையாமல் இருக்க வாய்க்குள் வைத்துக்கொள்கிறான். படித்து முடித்துப் புத்தகத்தை மூடியபோது பின்னட்டை கண்ணில் பட்டது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அந்த நான்கு வரியை எழுதியவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அந்த எட்டு நாளும் வாரியம் சும்மா இருக்கவில்லை. பேச்சுமானியின் பதிவு விதிப்படி அங்கே போயிருந்தது. ஏழில் ஒரு பிரதியைக் கல்லூரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மூடிய புத்தகத்தையே ஊடுருவிப் படிக்கும் கதிர்கள் அவர்களிடம் இருந்ததால் சொற்களை எடுப்பதில் சிக்கலில்லை. பொருளுறைக்கு உலகத்தில் இருந்த ஒரே மூலம் அந்த ஒன்றே முக்கால் மணி நேரப் பேச்சு. சராசரி எடுத்து, ‘அதிகாரத்தை மறுத்த மாமனிதனின் கதை’ என்று உறை போட்டு அனுப்பினார்கள். மறுத்தல் என்ற சொல்லே இளைஞர்களுக்குப் பிடித்திருந்தது. ஒரே வாரத்தில் நாற்பது லட்சம் பேர் ஏற்றிக்கொண்டார்கள். சட்டைகளில் சவரியப்பனின் படம் வந்தது. தீப்பெட்டி எறியும் கோலத்தில்.

இரண்டு வாரம் கழித்து வந்த வியாழக்கிழமை வாசிப்பறையில் உட்கார இடமில்லை. நூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். பழைய ஆறு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். தங்கள் பேச்சே உறையாகிவிட்ட பெருமையில் அவர்களும் அதை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சவரியப்பன் செய்தது சரிதானே என்று யாரோ கேட்க, நூறு குரல்கள் சரிதான் என்றன.

“அவன் மறுக்கலை,” என்றார் அமலோற்பவம்.

அவர் சொன்னார். எண்ணெய் தீர்ந்ததை, கதவை, கட்டிலை, படகை, வாய்க்குள் வைத்த குச்சியை. அன்று தானும் படிக்காமல்தான் வந்தேன் என்பதையும் சொன்னார். நூறு முகங்களும் பொறுமையாகக் கேட்டன. பெரியவர்கள் தடுமாறும்போது பிள்ளைகள் காட்டும் பரிவு அதில் இருந்தது. இசக்கிராஜ் எழுந்தான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

“கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க மேடம். நீங்க இந்தப் புத்தகத்தை நெசமாவே படிச்சீங்களா?”

பேச்சுமானி பத்தைத் தொடாமல் இந்த அறையும் உறிஞ்சியும் போனாலும் போகட்டும் என்ற தீர்மானம் அமலோற்பவத்தின் முகத்தில் தெரிந்தது. வெட்டிய ஓரங்கள் பிசிறடித்த பிரதியை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

இரண்டாம் பக்கம் தொடங்குவதற்குள் பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் காதில் சொன்னான்:

“ஏல, இவங்க வாசிக்கது புத்தகத்துலயே இல்ல.”