தயிர் ஒட்டிய போன்

குப்பையைக் கொட்டிவிட்டு மாடி ஏறி வந்ததும், வாசல் கதவில் ஆளை அடையாளம் பார்க்கும் தட்டில் கையை வைத்து அம்மாவின் போனை நினைத்தேன். கண்ணாடி விரிசல் விட்ட போன். அதில் ஒரு யானை ஆடிக்கொண்டிருக்கிறது. அம்மா என் வாயில் தயிர்சாதம் திணிக்கிறாள். எனக்கு யானை போதவில்லை. வேறு படம் வேண்டுமென்று சோற்றுக் கையாலேயே திரையைத் தள்ளுகிறேன். விரிசலுக்குள் தயிர் இறங்குகிறது. அம்மா என் தலையில் ஒரு கொட்டு வைத்துவிட்டு நைட்டி ஓரத்தால் போனைத் துடைக்கிறாள். இவ்வளவுதான். "வாங்க, கவினேஷ்," என்று கதவு திறந்தது.

எழுபது வயதுக் கிழவன் தன் வீட்டுக்குள் போக ஒவ்வொரு தடவையும் பால் பல் பிள்ளையாக வேண்டியிருக்கிறது. என்ன செய்வது? முகம், குரல், கைரேகை என எல்லாவற்றையும் நகலெடுக்க ஆட்கள் கிளம்பிய பிறகு, அடையாள வாரியம் கடைசியாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஒருவர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்ட கருவியின் நினைவு. 'முதல் தொடுகை' என்று பெயர் வைத்தார்கள். தட்டு படிப்பது கதையை அல்ல. அதை நினைக்கும்போது உடம்புக்குள் ஓடும் சிலிர்ப்பை. எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு அம்மா போனும் சோறும்தான் முதல் நினைவு. இருந்தாலும் ஒருவரின் சிலிர்ப்பு இன்னொருவருக்கு வராது என்று அடித்துச் சொன்னார்கள்.

ஒரே நிபந்தனை, யாரிடமும் அதைச் சொல்லக் கூடாது. தாலி கட்டியதும் மணமக்கள் ஒருவரையொருவர் பார்த்து, "உன் முதல் தொடுகையைக் கேட்க மாட்டேன்" என்று சொல்லும் வழக்கம் அப்படி வந்ததுதான். நானும் நேத்ராவும் மேடையில் சத்தமாகச் சொன்னோம். மறுவீட்டு விருந்துக்குத் திருச்சி போன ரயிலிலேயே அதை மீறினோம்.

அவளுடையது காலிங் பெல். அப்பா தோளில் உட்கார்ந்து அழுத்தினாளாம், குருவி கத்தியதாம். உள்ளே இருக்கும் குருவிக்குப் பசிக்குமே என்று அரிசி எடுத்து வந்து பெல்லின் இடுக்கில் திணித்தாளாம். நான் சிரித்தேன். அவளோ என் கதையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சண்டை ஓய்ந்தால், ஜுரம் வந்தால், மழை பெய்தால், "அந்தத் தயிர்க் கதையைச் சொல்லுங்க" என்பாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன வருஷத்திலிருந்து நேத்ராவுக்கு ஒவ்வொன்றாக மறந்தது. முதலில் தெருவின் பெயர், பிறகு தங்கை, பிறகு நான். கடைசியில் வாசல் தட்டும் அவளைத் தெரியாது என்றது. பெயர் தொலைத்த நோயாளிக்கு மருந்துப் பெட்டி திறக்காது, காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரையும் போய்ப் பார்க்க முடியாது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு அங்கே யாருக்கும் பெயர் கிடையாதே.

வாரியத்திலிருந்து பெனாசிர் என்ற அலுவலர் கையடக்கமான ஒரு தட்டோடு சோதனைக்கு வந்தார்.

"அம்மா, நீங்க முதன்முதல்ல தொட்ட மெஷினை நினைச்சுக்குங்க. வாயால சொல்ல வேணாம்."

காலையிலிருந்து அவள் காதில் குருவி, குருவி என்று ஓதி வைத்திருந்தேன். நேத்ரா சமர்த்தாகத் தலையாட்டினாள். தட்டு இருண்டே கிடந்தது.

"இன்னொரு தடவை பார்ப்போம்மா."

நேத்ரா திடீரென்று சிரித்தாள். "யானை மூஞ்சி பூரா தயிரு! அம்மா கொட்டிட்டாங்க," என்று உச்சந்தலையைத் தடவிக்கொண்டாள்.

தட்டு பளிச்சென்று ஒளிர்ந்தது. "வாங்க, கவினேஷ்."

பெனாசிர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டீங்களா, சார்?"

"நாப்பது வருஷமா சொல்றேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "ஒரு பேரு ஒருத்தருக்குத்தான் சார். நீங்க வச்சுக்கிட்டா அம்மாவைக் கூட்டிட்டுப் போக நாளைக்கு வண்டி வரும். விட்டுக்கொடுத்தா இந்தப் பேருலயே அவங்க இங்க இருக்கலாம். மருந்தும் கிடைக்கும்."

"அப்ப எனக்குக் காப்பகமா?"

"உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு. வெளியாள்னு பதிவோம். உள்ள இருக்கிறவங்க சரின்னு சொன்னா வரலாம். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்."

"அவளுக்கு என்னைத் தெரியாதேம்மா."

"அதான் சார் எனக்கும் சங்கடமா இருக்கு."

அவள் பெயராவது எனக்கு ஒட்டுமா என்று தட்டில் கையை வைத்துக் குருவியை நினைத்தேன். ஒரு சிலிர்ப்பும் இல்லை. அந்தக் கதையை ரயிலில் ஒரே ஒரு தடவை கேட்டதோடு சரி. மறுபடி சொல்லச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"பேரை அவளுக்கே எழுதிடுங்க," என்றேன்.

மறுநாள் காலை குப்பையைக் கொட்டிவிட்டு மாடி ஏறி வந்தேன். பழக்கத்தில் தட்டில் கையை வைத்துத் தொலைத்தேன்.

"வெளியாள் ஒருவர் வந்திருக்கிறார். திறக்கலாமா, கவினேஷ்?" என்று கதவு உள்ளே கேட்டது.

"யாரு?" நேத்ராவின் குரல்.

"பெயர் இல்லை."

"அப்ப வேணாம்."

"நேத்ரா, நான்தான். தயிர்க் கதை சொல்வேனே, மறந்துட்டியா?"

"அது என் கதை," என்றாள் வெடுக்கென்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல், எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும் என்று, உதட்டைக் குவித்துக் கீச் கீச்சென்று கத்தினேன்.

மறுபடி கத்தினேன்.

"திற, திற," என்றாள் நேத்ரா. "பாவம், பசிக்கும்."

கதவு திறந்தது. மூடிய கையோடு நின்றுகொண்டிருந்தாள். என் தலைக்கு மேலே, வாசல் நிலையில் எதையோ தேடினாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். உள்ளங்கையில் அரிசி.

"அரிசி யாருக்கு?" என்று கேட்டேன்.

"அது பெரிய கதை. உள்ள வந்து உக்காருங்க, சொல்றேன்," என்றாள்.