பனிமூக்குத்தியின் காவல்

"சாக்ஸையும் கழட்டு ஜெபா! சீக்கிரம்!"

டாக்டர் மங்கையர்க்கரசி கத்தியபோது, அவளுடைய உதவியாளன் ஜெபராஜ் ஏற்கெனவே வெறும் பனியனோடு குளிர்காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்துக்கு நேரே மோப்பான் ரீங்கரித்தது. உள்ளங்கை அளவுப் பறக்கும் இயந்திரம். அதன் சிவப்புப் பொட்டு அவன் உடம்பில் ஊர்ந்தது.

"அந்நிய விதை. இரண்டாம் எச்சரிக்கை."

மூன்றாவது எச்சரிக்கை கிடையாது. அடுத்து சுடுகதிர்தான்.

இமயத்தில் பதினாறாயிரம் அடி. உலகம் சூடேறிய பிறகு பனிமூக்குத்திச் செடி மிஞ்சியிருப்பது இந்தச் சரிவில் மட்டும். மொத்தம் நாற்பத்தொன்று. யாருடைய பூட்ஸிலோ ஒட்டி வந்த புல் விதை முளைத்துப் பரவி மற்றவற்றை விழுங்கிய பிறகுதான் மங்கையர்க்கரசி மோப்பானை உருவாக்கினாள். உயிருள்ள அந்நிய விதை எங்கிருந்தாலும் மோந்து எரித்துவிடும்.

"பூட்ஸை மூணு தடவை பிரஷ் போட்டேன் மேடம். பாக்கெட்டைக்கூடத் திருப்பிக் காட்டினேனே!"

"ஓடிடாதே. விதை பரவுதுன்னு உடனே சுட்டுடும்."

"நீங்க செஞ்சதுதானே? நிறுத்துங்க!"

"நிறுத்துற வசதி வைக்கலை..." அவள் குரல் இறங்கியது. "வச்சா அதிகாரிங்க நிறுத்திட்டு உள்ளே வந்துடுவாங்கன்னு..."

"ரொம்ப நல்லா யோசிச்சீங்க மேடம்!" பற்கள் தந்தியடித்தன.

பாறை மறைவிலிருந்து ஒரு பனிக்கோழி எட்டிப்பார்த்தது. மோப்பான் சட்டென்று விலகி, அதன் இரைப்பைமேல் பொட்டை வைத்தது. உள்ளே இருந்தவை இந்த மலையின் விதைகள். விட்டுவிட்டது. திரும்பி வந்த பொட்டு ஜெபராஜின் தொப்புளுக்குக் கீழே நிலைத்தது.

மங்கையர்க்கரசி அந்த இடத்தையே உற்றுப்பார்த்தாள்.

"ஜெபா... காலையில சாப்பிட்டது..."

"கொய்யாப்பழமா? அம்மா பார்சல்ல அனுப்பினது. விதையுள்ள பழத்தை உள்ளே கொண்டுவரக் கூடாதுன்னுதானே, கேட் வாசல்லயே தின்னு தீர்த்தது!"

சாப்பிட்டு ஐந்து மணி நேரம். இனி வாந்தியிலும் வராது. இந்தக் குளிரில் கொய்யா முளைக்கவும் முளைக்காது. ஆனால் அதை அவள் மோப்பானுக்குச் சொல்லித்தரவில்லை.

"மேடம், ஏதாவது பேசுங்க!"

பொட்டு வெளுத்தது. அலறல் பாதியில் அறுந்தது.

பனிமூக்குத்திகளில் ஓர் இதழ்கூட வாடவில்லை.

ஓர் அந்நிய விதையை எரித்து முடித்துவிட்டுத்தான் மோப்பான் அடுத்ததற்கு எச்சரிக்கை விடும். அப்படித்தான் அவள் அதைப் பழக்கியிருந்தாள். இப்போது அது நிதானமாக அவள் பக்கம் திரும்பியது.

"அந்நிய விதை. முதல் எச்சரிக்கை."

காலையில் ஜெபராஜ் பழத்தைப் பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பெரிய பாதியை அவளிடம்தான் நீட்டியிருந்தான்.