ரீமுக்கு எல்லாம் தெரியும்

உரலில் காய்ந்த மிளகாயை இடித்துக்கொண்டிருந்த வஸீலா மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் கிசுகிசுப்பு கேட்டது.

"உம்மா இடிக்கிறத நிறுத்திட்டாங்க."

வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருமில்லை. கடலோர மஹ்தியா நகரமே ஆகஸ்ட் வெயிலுக்குப் பயந்து ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு உறங்கும் மதிய நேரம். பலகை இடுக்குகளில் நுழைந்த வெளிச்சம் இருட்டில் கோடு கோடாகக் கிடந்தது. பூண்டும் மிளகாயும் கலந்த நெடியில் கடலின் உப்பு வாடையும் சேர்ந்து தொண்டையைக் கமறவைத்துக்கொண்டிருந்தது. கணவன் லுத்ஃபி லாரியோடு தெற்கே கஃப்ஸா பக்கம் போயிருந்தான். பதினொரு வயது நூர்ஹேன் தூங்குகிறாள் என்றுதான் வஸீலா நினைத்திருந்தாள்.

உலக்கையை ஓங்கி இரண்டு இடி இடித்துவிட்டு நிறுத்தினாள். காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இல்ல, இங்க வரமாட்டாங்க. கை முழுக்க மிளகா."

எரியும் கையோடு போய்க் கதவைத் தள்ளினாள். டேப்லெட் தலையணைக்கு அடியில் மறைவதற்குள் பிடுங்கிக்கொண்டாள்.

"யாருகிட்டடி பேசுற?"

"ரீம்கிட்ட. கேம்ல என் ஃப்ரெண்டு. அவளுக்கும் பதினொண்ணுதான்."

வஸீலா திரையை மேலே தள்ளினாள். தள்ளத் தள்ள ரீமின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. உன் ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்? வாப்பா எப்ப ஊர்ல இருக்க மாட்டார்? வீட்டைச் சுத்திக் காட்டு, கேம்ல வைரம் தரேன். மகளும் காட்டியிருந்தாள். சமையலறை. குளியலறைத் தாழ்ப்பாள். மாடிப்படி. ஒரு வீடியோவில் வஸீலாவே இருந்தாள், வாய் திறந்து, மேலாடை விலகி, அசந்து தூங்கியபடி.

அழைப்பை அழுத்தினாள்.

"யாருடா நீ?"

எதிர்முனையில் காற்று. பிறகு, கொஞ்சும் சிறுமிக் குரல். "ஆன்ட்டி, நான் ரீ..."

பெயர் முடிவதற்குள் குரல் பிசிறியது. மீதி எழுத்து ஓர் ஆணின் தொண்டையிலிருந்து வந்தது. அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவசரமும் படவில்லை.

"கோவப்படாதீங்க. பாவம், பிள்ளை பயந்துடும்."

லுத்ஃபியை அழைத்தாள். லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் சிரித்தான். "எல்லாப் பிள்ளைங்களும் விளையாடுறதுதானே, வஸீலா. அதப் பிடுங்கி வச்சிட்டு நீ கொஞ்சம் படு."

"படுக்கவா? உன் மகளோட கட்டில் எங்க கிடக்குதுன்னு ஒருத்தன் பாத்து வச்சிருக்கான்! அத வாங்கிக் குடுத்துட்டு லாரி ஏறினவன் நீ. நான் படுக்கணுமா?"

காவல் நிலையத்தில் ஃபோனை எடுத்தவன் கொட்டாவி விட்டான். "நாளைக்கு வந்து எழுதிக் குடுங்க, மேடம். சின்னப் பொண்ணு கையில இதையெல்லாம் ஏன் குடுக்கறீங்க?"

"என்னைக் கேளு! அவனைத் தவிர எல்லாரையும் கேளு!"

தெருக்கதவின் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். உரலில் கிடந்த பித்தளை உலக்கையை எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றாள். பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. வரட்டும். இந்த வாசல் வழியாக வரட்டும், மண்டையைப் பிளந்துவிடுகிறேன்.

நூர்ஹேன் சுவரோரம் குறுகி விசும்பினாள். இத்தனை நேரமும் தான் கத்திக்கொண்டே இருந்ததும், மகளிடம் எதையும் கேட்காததும் அப்போதுதான் வஸீலாவுக்கு உறைத்தது. குனிந்தாள்.

"உன் மேல கோவமில்லடி. வேற என்ன சொன்னா, உன் ரீம்? சொல்லு, அடிக்க மாட்டேன்."

மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னைக்கு... கிஃப்ட் கொண்டு வரேன்னா."

"எப்போ?"

"எல்லாரும் தூங்கறப்போ. பக்கத்துல கட்டிக்கிட்டிருக்கிற வீட்டு வழியா. மொட்டை மாடிக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னா." அவள் குரல் உள்ளே போனது. "சாப்பிட்டதும் திறந்துட்டேன், உம்மா."

வஸீலா நிமிர்ந்தாள்.

தெருவில் ஒரு சத்தமுமில்லை. குழாய் சொட்டியது. எங்கோ ஒரு புறா முனகியது. பிறகு அதுவும் நின்றது.

தலைக்கு மேலே கீல் மெல்ல அனத்தியது.

மகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். தெருக்கதவைத் திறக்கலாம். ஓடலாம். கையைப் பின்னால் விட்டு முதல் தாழைத் தேடினாள். அவளே இறுக்கிப் போட்ட தாழ். வேர்வையில் விரல் வழுக்கியது. நகரவில்லை.

மாடிப்படியில் வெயில் விழுந்தது. அதன்மேல் ஒரு நிழல்.

காலுறை அணிந்த பாதங்கள் முதலில் தெரிந்தன. பிறகு, ஒரு கையில் தொங்கிய சப்பாத்துகள். மறு கையில் ரோஜா நிற நாடா கட்டிய சின்னப் பை. தலை நரைத்த, மெலிந்த மனிதன். யார் வீட்டிலும் மாமாவாக இருக்கக்கூடியவன். உலக்கையைப் பார்த்தான். நிற்கவில்லை.

"கிட்ட வந்தா கொன்னுடுவேன்டா!"

அவன் அவளைத் தாண்டி, அவள் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். பையைத் தூக்கிக் காட்டினான்.

அந்தப் படிக்கட்டில் நடுப்படி ஒன்று பெயர்ந்து ஆடும். வீட்டுக்குப் புதிதாக வரும் யாரும் அதில் தடுமாறாமல் இறங்கியதில்லை.

அவன் கீழே பார்க்காமலேயே அதைத் தாண்டிக் கால் வைத்தான்.